112 அவகாடோ மரங்கள், ஒரு சின்ன ட்ரோன்

2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை மாமா போனில் கூப்பிட்டார். "அம்மா, மரத்துல உப்பு பூத்திருக்கு. நீ வந்து ஒரு தடவ பாரு."

மாமா எனக்கு உறவுக்காரர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், லாங்மார்க்கெட் தெரு என்று முன்பு பெயர் இருந்த லாங்கலிபலேலே தெருக் கோயிலில் பழக்கமானவர். அவருடைய பாட்டனாரின் அப்பா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். மாமாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்னோடு பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துத் தமிழிலேயே பேசுவார். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்த ஊரில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். ட்ரோன் விடுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

தோப்பு வார்ட்பர்க் போகும் பாதையில் ஒரு சரிவில் இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. மாமாவும் அத்தையும் 1998-இல் கையால் குழி எடுத்து வைத்த 112 அவகாடோ மரங்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர், நம் கணக்கில் இரண்டேகால் ஏக்கர் வரும். இங்கே எல்லோரும் அதை 'அவோ' என்றுதான் சொல்வார்கள்.

மாமா காட்டிய கிளையில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. உப்பு மாதிரியே இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த, இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும் ஒரு துளைப்பான் வண்டு, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது என்று முதலில் தெரியவந்தது 2017-இல் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் என்கிற நிழல்மரங்களில்தான். வண்டு மரத்துக்குள் துளை போட்டு, தன்னோடு கொண்டுவரும் ஃபியூசேரியம் பூஞ்சையை உள்ளே வளர்த்துத் தின்னும். மரத்தை வாட்டுவது பெரும்பாலும் அந்தப் பூஞ்சைதான். அவகாடோவில் துளை வாயைச் சுற்றி இப்படி வெள்ளைச் சர்க்கரை பொங்கி உறையும்.

ஈரத்துணியால் பொடியைத் துடைத்தேன். துளை இருந்தால் பால்பாயின்ட் பேனா முனை அளவுக்கு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. பட்டையில் ஒரு வெடிப்புதான் இருந்தது. அவகாடோவுக்கு எந்தக் காயம் பட்டாலும் இந்தச் சர்க்கரை வடியும். இன்னும் ஆறு கிளைகளைத் துடைத்துப் பார்த்தோம், ஒன்றிலும் துளை இல்லை. ஆனால் மாமா வேறொன்றைச் சொன்னார். "கீழ் வரிசையில தழை கம்மியாவுது. எனக்குத் தோணுதா, நெசமாவே கம்மியாவுதா, தெரியல." வருடம் முழுக்க அந்த மரங்களோடு இருப்பவருக்கு மெதுவாக நடக்கும் மாற்றம் கண்ணில் நிற்காது. அதை அளந்து சொல்லலாம் என்று தோன்றியதுதான் இந்த வேலையின் தொடக்கம்.

கையில் இருந்தது பழைய டிஜேஐ மினி 2. செகண்ட்ஹேண்டில் ஆறாயிரம் ரேண்டுக்கு வாங்கியது. எடை 249 கிராம், கேமரா 12 மெகாபிக்சல். விவசாயத்துக்கென்று வரும் பல்நிறமாலைக் கேமரா ட்ரோன்களின் விலைக்கு இதைப்போல் பத்துக்கு மேல் வாங்கலாம். படங்களை ஒன்றாகத் தைக்க வெப்ஓடிஎம், அளக்க க்யூஜிஐஎஸ். இரண்டு மென்பொருளும் இலவசம்.

பறப்பதற்கு முன் சட்டம். தென்னாப்பிரிக்காவில் 2015 ஜூலை முதல் ட்ரோனுக்குத் தனி விதிகள் நடப்பில் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர் தரையிலிருந்து 150 அடிக்கு, அதாவது சுமார் 45 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ட்ரோன் எப்போதும் கண் பார்வையில் இருக்க வேண்டும். விமானத்தளத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் கூடாது. சம்மதமில்லாத ஆட்களுக்கும் சொத்துக்கும் 50 மீட்டருக்குள் போகக்கூடாது. பணம் வாங்கிக்கொண்டு செய்தால் அது வணிகம், அதற்கு விமானி உரிமமும் இயக்குநர் சான்றும் வேண்டும். அதனால் மாமாவிடம் ஒரு ரேண்டுகூட வாங்கவில்லை. பக்கத்துக் கரும்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். கரும்புக்கு மருந்தடிக்கும் சிறு விமானங்கள் தாழ்வாக வரும், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, முதல் பறத்தல். ஏப்ரலில். 40 மீட்டர் உயரத்தில் இந்தக் கேமராவின் ஒரு படம் தரையில் சுமார் 55-க்கு 41 மீட்டர் பரப்பைப் பிடிக்கும், ஒரு பிக்சல் 1.4 சென்டிமீட்டர். பக்கத்துப் படங்கள் முக்கால்வாசி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் மென்பொருளால் தைக்க முடியும். அதற்குக் கோட்டுக்குக் கோடு 14 மீட்டர், படத்துக்குப் படம் 8 மீட்டர் என்று வைத்தேன். இரண்டு விநாடிக்கு ஒரு படம், விநாடிக்கு 4 மீட்டர் வேகம். ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது, நூற்றுச் சொச்சம் படங்கள். மாமா முற்றத்தில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து படங்களைத் தைக்கப் போட்டேன். பாதியில் மின்வெட்டு. 2023-இல் இங்கே இருந்தவர்களுக்கு அது தெரியும், தினமும் முறைவைத்து இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று தடவை. மறுநாள் இன்வெர்ட்டரில் வைத்து முடித்தேன். வந்த ஒட்டுப்படத்தில் தோப்பின் கீழ்ப்பாதி அழகாக இருந்தது. மேல்பாதி கிழிந்த துணி. மரங்கள் பாதி பாதியாக வெட்டுப்பட்டு, நடுவில் கறுப்பு ஓட்டைகள்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை ஆனது. நான் கிளப்பியது சரிவின் அடியில் இருக்கும் வீட்டு முற்றத்திலிருந்து. ட்ரோன் சொல்லும் 40 மீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து 40 மீட்டர். தோப்பின் மேல்முனை 12 மீட்டர் உயரம். மரம் 9 மீட்டர். ஆக மேலே போகும்போது மரத்தின் உச்சிக்கும் கேமராவுக்கும் நடுவே 19 மீட்டர்தான். அந்த நெருக்கத்தில் ஒரு படம் சுமார் 26 மீட்டர் அகலம்தான் பிடிக்கும். 14 மீட்டர் தள்ளிப் போகும் அடுத்த கோடு பாதிகூட ஒட்டாது. அப்படியென்றால் மேல்முனையிலிருந்து கிளப்பலாமே என்றால், கீழ்ப்பகுதியில் ட்ரோன் தரையிலிருந்து 52 மீட்டரில் இருக்கும், சட்டம் இடிக்கும். கடைசியில் தோப்பைச் சரிவின் குறுக்கே இரண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாதிக்கும் அதன் மேல்விளிம்பிலிருந்து 38 மீட்டர். அந்தப் பாதியின் அடியில் 44 வரும். இரண்டு பறத்தல், இரண்டு பேட்டரி. சரிவு நிலத்தில் செய்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

இன்னொரு குற்றம் நிறத்தில் இருந்தது. கேமராவைத் தானியங்கியில் விட்டிருந்தேன். மேகம் நகர நகர அது வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறது. ஒரே மரம் ஒரு படத்தில் கரும்பச்சை, அடுத்த படத்தில் மஞ்சள் பச்சை. இந்தப் படத்தை வைத்து எந்த மரம் வெளுத்திருக்கிறது என்று சொன்னால் அது பொய். அதிலிருந்து எல்லாவற்றையும் கையால் பூட்டிவிடுகிறேன். தரையில் 60 சென்டிமீட்டர் சதுர அட்டைகள் மூன்று, பளபளப்பில்லாத பெயின்ட் அடித்து, வெளிர்சாம்பல், நடுச்சாம்பல், கறுப்பு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வைப்பேன். முதலில் ஒன்றைத் தூய வெள்ளையாக அடித்திருந்தேன், அது படத்தில் வெளிச்சம் முட்டி அளவே காட்டவில்லை.

நிழலையும் சொல்ல வேண்டும். திருச்சிக் கண்ணோடு வந்த எனக்கு இது பழக நாளானது. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மே மாத நடுவில் உச்சிப்பொழுதிலேயே சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறாது. 9 மீட்டர் மரத்தின் நிழல் 10 மீட்டர் நீளும். மரங்களுக்கு நடுவே இருப்பதே 9 மீட்டர். ஒரு மரத்தின் நிழல் அடுத்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மெல்லிய மேகம் வானம் முழுக்கப் பரவிய நாளுக்காகக் காத்திருந்தேன். மே 20-ஐ ஒட்டி அப்படி ஒரு நாள் கிடைத்தது. அன்று எடுத்த படம்தான் இன்றுவரை என் அடிப்படைப் படம்.

இனி அளப்பது. பச்சை நிறத்தை வைத்து மரத்தின் நலம் சொல்லும் சூத்திரங்கள் பல உண்டு. சாதாரணக் கேமராவுக்கு ஏற்றது வாரி என்கிற குறியீடு. பச்சையிலிருந்து சிவப்பைக் கழித்து, அதைப் பச்சையும் சிவப்பும் கூட்டி நீலம் கழித்த தொகையால் வகுக்க வேண்டும். அதைத்தான் முதலில் போட்டேன். தோப்பு முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமயமாக வந்தது. பார்க்க அழகு. ஆனால் நிழலும் புல்லும் பாதிக்குப் பாதி கலந்திருந்தன. எனக்கு வேண்டியது மாமா கேட்ட கேள்விக்குப் பதில். தழை குறைகிறதா?

அதனால் வேறு மாதிரி செய்தேன். ஒவ்வொரு மரத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, 1 முதல் 112 வரை எண் கொடுத்து, மூன்றரை மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் எத்தனை பிக்சல் இலை, எத்தனை பிக்சல் கிளையும் மண்ணும் இடைவெளியும் என்று எண்ணச் சொன்னேன். வாரி மதிப்பு ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் இலை. புல்லும் பச்சைதானே, அதை விலக்க உயர மாதிரியைச் சேர்த்துக்கொண்டேன். வெப்ஓடிஎம் படங்களிலிருந்தே மேற்பரப்பு உயரத்தையும் தரை உயரத்தையும் கணக்கிட்டுத் தரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, இரண்டு மீட்டருக்கு மேல் இருப்பது மட்டும் மரம். மே மாதத்தில் இங்கே புல் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும், அதுவும் உதவி.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே ஒரு எண் வந்தது. வட்டத்தில் எத்தனை சதவீதம் இலை மூடியிருக்கிறது. நல்ல மரங்கள் 85-க்கும் 93-க்கும் நடுவே நின்றன. 70-க்குக் கீழே 17 மரங்கள். அவற்றைச் சிவப்பில் குறித்துக் காகிதத்தில் அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஒரு வளைவு போட்டார். "இது பழைய வாய்க்கா போன வழி."

17-இல் 11 மரங்கள் அந்த வளைவில் ஒன்றை ஒட்டி ஒன்று நின்றன. மரத்தடியில் நின்றால் பத்து மரம்தான் கண்ணில் படும், வளைவு தெரியாது. மேலிருந்து பார்த்ததால் தெரிந்தது.

மண்வெட்டியோடு நடந்தோம். இந்த வேலையில் முக்கியமான பகுதி இதுதான், படம் வெறும் வழிகாட்டி. எதனால் தழை குறைகிறது என்று எந்த ட்ரோனும் சொல்லாது. முதலில் 12-ஆம் மரம், நல்ல மரம். சருகை ஒதுக்கி, தழை விளிம்புக்கு உட்புறமாக ஒரு சாண் ஆழம் எடுத்தோம். சல்லி வேர்கள் பாலாடை நிறத்தில், நுனி வெள்ளையாக, நூடுல்ஸ் மாதிரி வளைந்தன. அப்புறம் 47-ஆம் மரம். பட்டியலிலேயே கடைசி, 52 சதவீதம். அதே ஆழத்தில் மண் சேறாக ஒட்டியது, முட்டை அழுகின வாடை. சல்லி வேரைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தவை கறுப்பாக, காய்ந்த துடைப்பக் குச்சி போல விரலில் நொறுங்கின. கிளைநுனிகள் மொட்டையாக நிற்க, மிஞ்சிய இலைகள் சிறுத்து வெளிர்பச்சையாகத் தொங்கின.

வேரழுகல் என்று சந்தேகம் வந்ததும் பழைய பேரிக்காய்ச் சோதனை ஒன்றைச் செய்தோம். அடிபடாத, கெட்டியான பச்சைப் பேரிக்காய் வேண்டும். 47-இன் மண்ணையும் வேரையும் ஒரு வாளியில் போட்டு, மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, பேரிக்காயைப் பாதி மூழ்க வைத்து அத்தையின் சமையலறை மூலையில், வெயில் படாமல் வைத்தோம். பக்கத்தில் இன்னொரு வாளியில் 12-ஆம் மரத்து மண். நாலாம் நாள் 47-இன் பேரிக்காயில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி, அழுத்தினால் அமுங்காத பழுப்புப் புள்ளிகள். மற்றது பளிச்சென்று இருந்தது. மண்ணில் நீந்திவரும் வித்துகள் பழத்தில் ஏறிவிட்டன என்று அர்த்தம். இது வேரை அழுகச் செய்யும், பூஞ்சை மாதிரியான பைட்டாப்தோரா என்கிற நுண்ணுயிர்க் கூட்டம் என்று மட்டுமே இந்தச் சோதனை சொல்லும். எந்த வகை என்று அறிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பைட்டாப்தோரா சின்னமோமி என்று பதில் வந்தது. உலகத்தில் அவகாடோ வளரும் இடமெல்லாம் விவசாயிகளுக்குத் தூக்கம் கெடுக்கும் பெயர்.

மற்ற 6 மரங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டில் காற்றுக்குப் பெரிய கிளை முறிந்திருந்தது. ஒன்றை மாமாவே முந்தின வருடம் தலை வெட்டியிருந்தார். இரண்டு மரங்களில் புதுத் தளிர். அவகாடோவின் தளிர் செம்பு நிறத்தில் வரும், சூத்திரம் அதை இலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அகச்சிவப்புக்கு ஆசைப்பட்டு ஒரு மாதம் செலவழித்தேன். நல்ல இலை அகச்சிவப்பு ஒளியை வெகுவாகத் திருப்பி அனுப்பும், சிவப்பை விழுங்கும். அந்த வித்தியாசத்தை அளப்பதுதான் செயற்கைக்கோள்காரர்கள் சொல்லும் என்டிவிஐ. ராஸ்பெரி பை ஜீரோ என்கிற குட்டிக் கணினிப் பலகையும், அகச்சிவப்பைத் தடுக்காத நோஐஆர் கேமராவும் வைத்திருந்தேன். அந்தக் கேமராவின் முன் ஒரு நீல ஜெல் தாளை வைத்தால் சிவப்பு ஒளி நின்றுவிடும், நீலமும் அகச்சிவப்பும் போகும். படத்தின் சிவப்புத் தடத்தில் பெரும்பாலும் அகச்சிவப்பு பதியும். சின்ன பேட்டரியோடு சேர்த்து 41 கிராம். கேபிள் டை போட்டு ட்ரோனின் வயிற்றில் கட்டினேன்.

அங்கேதான் தப்பு. வயிற்றில் தரையைப் பார்க்கும் உணரி இருக்கிறது, நான் அதன் கண்ணை மறைத்துவிட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கும்போது கீழே ஏதோ நெருக்கத்தில் இருப்பதாக நினைத்து ட்ரோன் மேலேயே நின்றது. பேட்டரி 18 சதவீதம். குச்சியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன், உள்ளங்கை வியர்த்துவிட்டது. அது தயங்கித் தயங்கி இறங்கி, புல்லில் சாய்ந்து ஓர் இறக்கை முனையை உடைத்துக்கொண்டது. அடுத்த தடவை பின்பக்கம் தள்ளிக் கட்டினேன், அடியில் பஞ்சு வைத்தேன், ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு விநாடியாக்கினேன். அப்படியும் விசிறி அதிர்வில் படங்கள் கொஞ்சம் நெளிந்தன, இடக்குறிப்பும் அவற்றில் இல்லை. கையால் பொருத்தி முடித்தபோது அகச்சிவப்புப் படம் சுட்டிக்காட்டியது ஏற்கெனவே பட்டியலில் இருந்த மரங்களையே. இலை இருக்கும்போதே வாட்டத்தைக் கண்டுபிடிக்க நல்ல அகச்சிவப்புக் கேமரா உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் கைவசம் இருந்த மலிவான ஏற்பாட்டைவிட, பூட்டிய கேமராவோடு அதே மாதத்தில் அதே உயரத்தில் மறுபடி பறப்பது அதிகம் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கேமரா இப்போது அலமாரியில் இருக்கிறது.

அதே மாதம் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. செப்டம்பரில் ஆவலை அடக்க முடியாமல் ஒரு தடவை பறந்தேன். தோப்பு முழுக்கச் சிவப்பு. 112-இல் 90 மரங்களுக்கு மேல் 70 சதவீத எல்லைக்குக் கீழே விழுந்திருந்தன. இரவு பத்து மணிக்கு மாமாவுக்குப் போன் செய்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தோப்பே பூத்துக் குலுங்குகிறது. மஞ்சள் பச்சைப் பூங்கொத்துகள் மரத்தின் தலையை மூடியிருந்தன, பூக்கும் காலத்தில் பழைய இலையும் கொட்டும். கூடவே மஞ்சள் அலகுப் பருந்துகள் அந்தப் பருவத்தில்தான் திரும்பி வந்திருக்கும், ஒன்று ட்ரோனை இரண்டு முறை பாய்ந்து விரட்டியது. இப்போது செப்டம்பரில் பறப்பதே இல்லை.

இரண்டு வருடப் படங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ட்ரோனின் ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் பிசகும். அவ்வளவு பிசகினால் 47-இன் வட்டம் பக்கத்துச் சந்தில் விழுந்துவிடும், மரம் செத்துவிட்டதாகக் கணக்கு வரும். முதலில் ஜோஜோ தண்ணீர்த் தொட்டியின் மூடியை அடையாளப் புள்ளியாக எடுத்தேன். உயரமான பொருள் படத்துக்குப் படம் வேறு பக்கம் சாய்ந்து தெரியும், சரிவரவில்லை. தரையோடு ஒட்டிய புள்ளிதான் வேண்டும். பம்ப் அறை சிமென்ட் தளத்தின் மூலை ஒன்று, தோப்பின் மற்ற மூலைகளில் நாங்களே கொட்டிய சின்ன சிமென்ட் பலகைகள் மூன்று. அந்த நான்கையும் வைத்துப் படத்தைப் பொருத்துகிறேன்.

மருத்துவம் மாமாவின் வேலை. பாஸ்பொனேட் மருந்தை மரத்தண்டில் துளையிட்டு ஊசியால் ஏற்றும் முறையைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள்தான் 1984-இல் எழுதி வெளியிட்டார்கள், இன்றைக்கும் பல நாடுகளில் அதுவே வழி. ஏற்றுவதற்குக் காலம் உண்டு. தளிர் முற்றி இலை கெட்டியான பிறகு ஏற்றினால் மருந்து வேருக்கு இறங்கும், தளிர்க்கும்போது ஏற்றினால் தளிருக்கே போய்விடும். 2024 ஜனவரியில் தளிர் முற்றியதும் 11 மரங்களுக்கும், இரு பக்கத்திலும் இருந்த அண்டை மரங்களுக்கும் ஏற்றினார். அதைவிடப் பெரிய வேலை வாய்க்கால். பழைய வாய்க்கால் மண் மேவித் தூர்ந்து, மேலிருந்து வரும் மழைத்தண்ணீரை அந்த வளைவிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அதைத் தூர்வாரிச் சரிவின் ஓரமாகத் திருப்பிவிட்டார்கள். பக்கத்துக் கரும்புக்காரர் கொடுத்த சோகையை ஒவ்வொரு மரத்தடியிலும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். அத்தைதான் அதை மேற்பார்த்தார், தண்டில் ஒட்டாமல் ஒரு அடி விட வேண்டும் என்று ஒவ்வொரு மரத்திலும் தானே குனிந்து ஒதுக்கினார்.

2024 மே, 2025 மே. ஒவ்வொன்றும் மேகமூட்டமான நாள், அதே அட்டைகள், அதே உயரம். 11 மரங்களில் 7 ஏறியிருக்கின்றன. 2 அப்படியே. ஒன்று இறங்கிக்கொண்டே போகிறது. ஒன்று போய்விட்டது, வேரோடு எடுத்தாகிவிட்டது. 47-ஆம் மரம் 52-இல் தொடங்கி 61, பிறகு 74. மாமா அந்த மூன்று எண்களைப் பம்ப் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை நான் மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை பறந்து பார்த்தபோதே நல்ல மரங்களில் அவ்வளவு ஆட்டம் இருந்தது.

அந்த வண்டும் கடைசியில் வந்தே விட்டது, அவகாடோவில் அல்ல. 2024 டிசம்பரில் வாசல் பாதையின் 6 பிளேன் மரங்களையும் சும்மா படமெடுத்தேன். நல்ல கோடை, எல்லாம் தழைத்து நிற்க, மூன்றாவது மரத்தின் உச்சி மட்டும் சல்லடையாகத் தெரிந்தது. தண்டில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பேனா முனைத் துளைகள், சுற்றிலும் பட்டையில் கறுத்த ஈரக் கறை. மேலிருந்து துளை ஒருநாளும் தெரியாது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்து ஃபாபி ஆய்வு நிலையத்துக்குப் படங்களோடு தகவல் அனுப்பினோம். மரத்தை வெட்டித் தூளாக்கி, கண்ணாடிப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வெயிலில் வேகவிட்டோம். விறகை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் வண்டும் கூடவே போகும். மாமா வருடா வருடம் பெரிய வெள்ளித் தீமிதிக்குக் கோயிலுக்கு ஒரு லாரி விறகு கொடுப்பவர். 2025-இல் தோப்பிலிருந்து ஒரு கட்டைகூட வெளியே விடவில்லை, காசாகக் கொடுத்தார். வாய்க்கால் கரையில் தானாக முளைத்த ஆமணக்கையும் பிடுங்கிவிட்டோம். அந்த வண்டு குடும்பம் நடத்தும் செடிகளில் ஆமணக்கும் ஒன்று.

என் கணக்கு தவறவிட்ட மரம் ஒன்றும் இருக்கிறது, 88. மூன்று வருடமும் 86, 87, 86. படத்தில் குறையே இல்லை. மாமாதான் சொன்னார், அதன் காய் இரண்டு வருடமாக முட்டை அளவைத் தாண்டவில்லை என்று. நான் படத்தைக் காட்டினேன். அவர் காயைக் காட்டினார். அந்த மரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முன்பு ஈரமே நிற்காத மேட்டில் இருக்கிறது. திருப்பிவிட்ட தண்ணீர் இப்போது அந்த வழியாகப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை 88-இன் அடியில் மண் எடுத்தோம். அத்தையின் சமையலறை மூலையில் மறுபடி வாளி. பேரிக்காய் மிதந்துகொண்டிருக்கிறது. இன்று மூன்றாம் நாள்.